மேல் வீட்டுக்கும் அதே பெயர்

ஆகஸ்ட் 11, திங்கள்

மேல் வீட்டுக்குத் தனியாக இணைய இணைப்பு எடுத்துக்கொள்ளப் போவதாக அவர் சொன்னார். சாப்பாட்டுக் கேரியரை எடுக்க மாடிப்படித் திருப்பத்துக்கு இறங்கி வந்தவர், படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேல சிக்னலே வர்றதில்ல. ஆபீஸ் மீட்டிங்ல பாதிப் பேச்சு கட்டாகுது. தனியா ஒரு கனெக்‌ஷன் போட்டுக்கறேன்."

"ம்" என்றேன்.

வாடகைக்கு இருந்தவர்கள் மே மாதம் மேல் வீட்டைக் காலி செய்தார்கள். ஜூன் கடைசியில், எங்கள் மகன் பரிதியின் காரியம் முடிந்த வாரத்தில், அவர் ஒரு பாயும் லேப்டாப்புமாக அங்கே ஏறினார். நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்கிற கம்பெனி வேலை. நாள் முழுக்க போனில் பேச்சு. எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். பரிதி பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சு கூடத்தில்தான் நடந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பாய்க்குப் பிறகு கட்டில் போனது. பிறகு ஒரு தட்டும் டம்ளரும்.

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். இரண்டு மூன்று புள்ளிகள் ஒரே பக்கம் சாய்ந்தால் உடனே போக்கு என்று சொல்லிவிடாதீர்கள் என்று மாணவிகளிடம் சொல்வேன். இணைப்பும் போய்விட்டால் அப்புறம் கேஸ் சிலிண்டர்தான் பாக்கி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வகுப்பில்லாத நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். தனி இணைப்பு தேவையில்லை. இருப்பதையே மேலே கொண்டுபோகலாம். அதற்கு இரண்டு வழி. ஒன்று ரிப்பீட்டர். கீழே ரவுட்டர் சொல்வதைக் காற்றில் கேட்டு, மறுபடி உரக்கச் சொல்லும். கேட்பதும் சொல்வதும் அதுவே என்பதால் வேகம் குறைந்துவிடும். இன்னொன்று ஆக்ஸஸ் பாயின்ட். ரவுட்டரிலிருந்து ஒரு ஒயரை மேலே இழுத்து, அங்கிருந்து புதிதாகப் பரப்ப வேண்டும். சுவரில் துளை போட்டாக வேண்டும். பெட்டிமேல் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கை நான் நம்பவில்லை. சுவரே இல்லாத வீட்டில் அளந்திருப்பார்கள்.

ஒரு விஷயம் பயனுள்ளது. மேலேயும் கீழேயும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டால், ஏற்கெனவே ஒருமுறை இணைந்த போன்கள் எந்தத் தளத்திலும் தாமாகவே இணைந்துகொள்ளும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

படுக்குமுன் பரிதியின் எண்ணுக்கு வழக்கமான ஒரு வரி அனுப்பினேன். ஒற்றை டிக்; போனது, சேரவில்லை. அவன் போன் விபத்தில் நொறுங்கிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். எனவே ஒற்றை டிக்தான் வரும். எனக்குத் தெரியும். இது ஒரு பழக்கம், அவ்வளவே.

ஆகஸ்ட் 13, புதன்

காந்திபுரத்தில் ஒரு கடை. கல்லூரி விட்டு நேராகப் போனேன். கடைக்காரருக்கு நான்கு பெட்டிகளை ஒரே நேரத்தில் விற்றுவிடும் அவசரம்.

"வீடு எப்படிங் மேடம்? தனி வீடா, அபார்ட்மென்ட்டா?"

"தனி வீடு. மேலயும் கீழயும். நடுவுல காங்கிரீட் தளம்."

"அப்ப ரிப்பீட்டர் வாங்கி ஏமாந்துறாதீங்க. அது காதுல உழுந்ததத்தான் திருப்பிச் சொல்லும். தளத்துக்கு மேல அதுக்கே காது கேக்காது. ஒயர் இழுத்து ஆக்ஸஸ் பாயின்ட் போட்டுருங்க. நம்ம ரங்கராஜ் வந்து மாட்டிக் குடுத்துருவாரு. எத்தன பேருங் யூஸ் பண்றீங்க?"

"மூணு பேர்" என்றேன்.

"அப்ப இதே தாராளம்" என்று சின்னப் பெட்டியை முன்னால் தள்ளினார்.

எண்ணிக்கையைத் திருத்த வாய் வரவில்லை. இரண்டு பேர் என்றாலும் அதே பெட்டியைத்தான் கொடுத்திருப்பார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி சிக்னல் பார்த்தேன். கூடத்தில் முழுக்க இருக்கிறது. படித் திருப்பத்தில் பாதி. கேரியர் வைக்கும் படியில் ஒரு கோடு. அவர் கதவுக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருமினார். வறட்டு இருமல். கதவைத் தட்டி, மிளகுப் பால் கொண்டுவரட்டுமா என்று கேட்கலாம். கேட்பதற்கு அதில் ஒன்றும் கஷ்டம் இல்லை.

இறங்கி வந்து பரிதிக்கு அனுப்பினேன்: "அப்பாவுக்கு இருமல். மிளகுப் பால் வெச்சிருக்கேன். வந்து குடிக்கச் சொல்லு."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எழுதி வைக்கிறேன். சிரிப்பதற்கு இல்லை.

நானும் அவரும் சண்டைக்காரர்கள் இல்லை. பேச்சுதான் நேராகப் பழகவில்லை. கல்யாணமான புதிதில் அவர் அம்மா இருந்தார்கள். பேச்சு அவர்கள் வழியாகப் போய் வந்தது. அப்புறம் பரிதி. "பரிதி, அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு." "பரிதி, அம்மாகிட்ட எம்பட சட்டை எங்கேன்னு கேளு." எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். எங்கள் வீட்டில் அவன் வளர்ந்த பிறகும் தொடர்ந்தது. மூவரும் ஒரே மேசையில் இருக்கும்போதுகூட.

"ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்காரு. நீயே சொல்லும்மா" என்பான்.

"நீ சொல்லு" என்பேன்.

"யப்பா, இந்தம்மா உங்களைத் தயிர் போட்டுக்கச் சொல்லுது."

"வேண்டாம்னு சொல்லு."

"வேண்டாமாம். எனக்கு ரெண்டு பக்கமும் கமிஷன் வரோணும் பாத்துக்கங்க."

இன்று கேரியரை நானே கையில் கொடுத்தேன். மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம்தான். "தனி கனெக்‌ஷன் வேண்டாம். இதையே மேல கொண்டுவர ஒரு சாமான் இருக்குது. வாங்கீட்டேன். சனிக்கிழமை ஆள் வந்து மாட்டுவாங்க."

அவர் கேரியரின் பிடியை மாற்றிப் பிடித்தார். "சுவத்துல ஓட்டை போடோணுமா?"

"ஆமாங்க."

"சேரி" என்றார்.

ஒரு 'சரி'யிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆகஸ்ட் 20, புதன்

ரசம் அப்படியே திரும்பி வந்தது. பரிதிக்கு: "அப்பா ரசம் தொடவே இல்ல. உப்புக் கூடிருச்சான்னு கேளு."

ஆகஸ்ட் 23, சனி

ரங்கராஜ் காலையில் வந்தார். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனிதர். துளைபோடும்போதும் பேசினார், இயந்திரச் சத்தத்தில் எங்களுக்குத்தான் கேட்கவில்லை. பரிதியின் அப்பா மேலே கதவைத் திறந்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டார். நான் அந்த அறையை இன்றுதான் பார்த்தேன். கட்டில், மேசை, மூடிய அலமாரி. சுவரில் ஒன்றும் இல்லை. பரிதியின் படம்கூட இல்லை. கீழே கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருப்பதே போதும் என்று நினைத்திருக்கலாம். அல்லது அவன் நினைவே வேண்டாம் என்றுதான் மேலே வந்தாரோ என்னவோ. எனக்குத் தெரியாத விஷயம்.

வெள்ளைத் தட்டு மாதிரி ஒன்றைக் கூரையில் மாட்டிவிட்டு ரங்கராஜ் லேப்டாப்போடு கீழே வந்தார்.

"ஏனுங் மேடம், பேரு புதுசா வெச்சுக்கலாமா, கீழ இருக்கற அதே பேரா?"

"அதே பேரு. மாத்தவே கூடாது."

"சொல்லுங்க, அடிச்சர்றேன்."

"வாழைப்பழம்" என்றேன்.

சிரித்தார். "இந்த வேலைக்கு வந்து எத்தனையோ பேரு பாத்திருக்கறேனுங். வாழைப்பழம் இப்பத்தான் பாக்கறேன். ழ-வுக்கு இசட் ஹெச்தானுங்களே?"

"இசட் ஹெச்தான். ரெண்டு இடத்துலயும்."

பாஸ்வேர்டையும் சொன்னேன். பரிதி பன்னிரண்டாம் வகுப்பில் வைத்தது, பெயரும் சேர்த்து.

"இனி மேல கீழ எல்லாம் ஒரே வீடுங். எல்லாப் போனும் தானாப் புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் அவர் கீழே வந்தார். கூடத்துக்குள் வரவில்லை, வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"பேரை மாத்தீட்டயே."

"எந்தப் பேரு?"

"அவன் வெச்ச பேரு. மேல என்ற போன்ல புதுசாக் காட்டுது. பாஸ்வேர்டு கேக்குது."

"மாத்தலீங்க. அதே பேருதான். நான் பக்கத்துல நின்னு சொன்னேன்."

"நீ சொல்லீருப்பே. உனக்கு எல்லாம் கரெக்டா இருக்கோணும். போனதுக்கப்பறமும் அவனைத் திருத்தோணுமா?"

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த பூண்டை உரித்தேன்.

"சேரி உடு. ஒண்ணாந்தேதி வரச் சொல்லீருக்கறேன். தனியாவே போட்டுக்கறேன்" என்று ஏறிப் போனார். படியில் பாதியில் ஒருமுறை நின்றது கேட்டது. பிறகு ஏறினார்.

மத்தியானம் கேரியர் எடுக்கப்படவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கல்லூரி. விடைத்தாள்கள். அவர் சொன்ன வாக்கியம் நாள் முழுக்கக் கூடவே வந்தது. நான் யாரையும் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. இந்த வருடம் நமக்குப் பண்டிகை கிடையாது. எதிர்வீட்டுச் சுலோசனா அக்கா கொழுக்கட்டை கொண்டுவந்து, கொடுக்கலாமா கூடாதா என்று வாசலிலேயே தயங்கினார். வாங்கிக்கொண்டேன். பூரணக் கொழுக்கட்டை பரிதிக்குப் பிடிக்காது. உப்புக் கொழுக்கட்டைதான் பிடிக்கும். நான்கையும் கேரியரில் மேலே வைத்தேன். இரண்டு திரும்பி வந்தன. எனக்கென்று விட்டாரா, பிடிக்காமல் விட்டாரா என்பதற்குப் போதிய தரவு இல்லை.

பரிதிக்கு: "அப்பா என்மேல கோவமா இருக்கார். நான் என்ன பண்ணினேன்னு கேட்டுச் சொல்லு."

ஆகஸ்ட் 30, சனி

முறையாக எழுத முயல்கிறேன்.

மாலையில் கேரியரை வைக்கப் போனவள், படித் திருப்பத்தில் நின்று என் போனில் சுற்றியுள்ள இணைப்புகளின் பட்டியலைத் திறந்தேன். அந்த இடத்தில் கீழேயிருந்தும் வருகிறது, மேலேயிருந்தும் வருகிறது. ஒரே பெயர் என்றால் ஒன்றுதான் காட்ட வேண்டும். இரண்டு காட்டியது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வாழைப்பழங்கள்.

மேல் வீட்டுடையது நான் சொன்னபடி, இசட் ஹெச்சோடு, பிழையில்லாமல் இருந்தது. கீழ் வீட்டுடையதில் இரண்டு இடத்திலும் வெறும் எல். வாலப்பலம்.

பரிதிக்கு ழ வராது. ஐந்து வயதிலிருந்து அவனை நிறுத்தி வைத்துச் சொல்ல வைத்தேன். நாக்கை மடி, மேலண்ணத்தைத் தொடாதே, மறுபடி சொல். 'வாளப்பளம்' என்பான். 'வாலப்பலம்' என்பான். பன்னிரண்டாம் வகுப்பு வந்தும் வரவில்லை. ரவுட்டர் வாங்கிய அன்று அவனே உட்கார்ந்து பெயர் அடித்துவிட்டு, "அம்மா, இனி நீ தினமும் என்ற உச்சரிப்புலதான் இன்டர்நெட் பாக்கோணும்" என்றான். நான் சிரிக்கவில்லை என்று ஞாபகம். அவர் சிரித்தார். ஒரு வாரத்துக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என் போன் தானாகவே இணைந்துகொண்டது. அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக நான் பார்க்கவே இல்லை. மனத்தில் சரியான வாழைப்பழம்தான் இருந்தது. அதைத்தான் ரங்கராஜிடம் சொன்னேன்.

கேரியரைப் படியிலேயே வைத்துவிட்டுக் கீழே வந்தேன். ரங்கராஜ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன முகவரியை லேப்டாப்பில் திறந்து, மேல் வீட்டுச் சாதனத்தின் பெயர்க் கட்டத்துக்குப் போனேன். சரியான பெயரை அழித்தேன். தப்பான பெயரை அடித்தேன். ஓர் எழுத்து அடிப்பதும் சரிபார்ப்பதுமாக இருந்தது. என் விரல் இரண்டு தடவை தானாக இசட்டுக்குப் போனது. முடித்து, சேமி என்பதை அழுத்தினேன். அது அணைந்து மறுபடி எழ நேரம் எடுத்துக்கொண்டது.

இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் மெல்ல நிரம்பியது. அவர் லேப்டாப். அவர் போன். எதுவும் கேட்காமல் தாமாகவே வந்து சேர்ந்தன.

அப்புறம் இன்னொன்று வந்தது. 'கெத்து பரிதி.'

அது அவன் தன் போனுக்கு வைத்திருந்த பெயர்.

அதே நேரம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்க எழுந்து போனேன். அடுப்பில் குக்கர் இல்லை. பாத்திரம் கழுவி எல்லாம் கவிழ்த்திருந்தது. மறுபடி விசில். சத்தம் மேலேயிருந்து வந்தது.

என்னிடமிருந்து மெசேஜ் வந்தால் அடிக்க அவன் வைத்திருந்த சத்தம் அது. "உன்ற மெசேஜ் வந்தாவே பசிக்குதும்மா" என்பான். வகுப்பில் ஒருமுறை அடித்து வெளியே நிறுத்தப்பட்டான்.

ஒரு விசில் முடியும் முன்பே அடுத்தது. பிறகு அடுத்தது. குக்கர் விசிலை எண்ணுகிற பழக்கம் எனக்கு உண்டு. எண்ணவில்லை. சத்தம் நின்றபின் என் போனை எடுத்துப் பார்த்தேன். இந்த மாதம் அனுப்பியவை எல்லாம், ஒவ்வொன்றாக, இரண்டு டிக். மிளகுப் பால். ரசம். அப்பாவின் கோவம். அப்பாவைக் கீழே வரச் சொல்லு. அப்பாவைக் கீழே வரச் சொல்லு. நேற்றும் அதைத்தான் அனுப்பியிருந்தேன்.

மேலே அலமாரிக் கதவு திறக்கும் சத்தம்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு டிக்குகள் நீலமாயின. எல்லாம் சேர்ந்தாற்போல.

அவர் இறங்கி வந்தார். படித் திருப்பத்தில் கேரியரைத் தாண்டி வந்தார், கேரியரை எடுக்கவில்லை. கூடத்தைக் கடந்து சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். கையில் அந்தப் போன். கண்ணாடி புதிது. ஒரு மூலை நசுங்கியே இருந்தது.

"நொறுங்கிருச்சுன்னீங்க" என்றேன்.

"நொறுங்கித்தான் இருந்துது. கண்ணாடி மாத்துனேன். ரீசார்ஜ் முடிஞ்சுது, போடல." நசுங்கிய மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். "சார்ஜ் எறங்குனா எறங்கட்டும்னு உட முடியல."

அந்த வெற்றுச் சுவரையும் மூடிய அலமாரியையும் நினைத்துக்கொண்டேன். தினமும் அதைச் சார்ஜில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டு ஒருவர் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறார்.

அவர் நகரவில்லை.

"என்னங்க?" என்றேன்.

"வரச் சொன்னான்" என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நேற்று மேசையில் சாப்பிட்டார். போனை அவன் உட்காரும் பக்கத்தில் வைத்திருந்தார். தயிர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, நடுவில் வைத்தேன், அவர் எடுத்துக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதார். எனக்கு அவர் அழுவதைப் பார்த்துப் பழக்கமில்லை. காரியத்தன்றுகூட அவர் அழவில்லை என்று அவர் தங்கைகள் பேசினார்கள். நான் தண்ணீர் ஊற்றி வைத்தேன். கொஞ்சம் மேசையில் சிந்தியது.

சாப்பிட்டுவிட்டு மேலே போய்விட்டார். போகும்போது போனை எடுத்துக்கொண்டு போனார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

இணைப்புக்காரர் வந்து கேட்டில் நின்றார். இவர் மேல் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்து, "வேண்டாமுங். வீட்டுல இருக்கறதே மேல வருது" என்றார்.

கட்டில் மேலேதான் இருக்கிறது. தட்டும் டம்ளரும் கீழே வந்துவிட்டன.

ஜூனிலும் ஜூலையிலும் நான் அனுப்பியவை ஒற்றை டிக்கிலேயே நிற்கின்றன. போய்ச் சேராத செய்தியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்களாம், அழித்துவிடுவார்களாம். விபத்தான அந்த வண்டியை அப்பா வாங்கிக் கொடுக்க ஏன் விட்டாய் என்று அவனிடம் கேட்டதெல்லாம் அதில்தான் இருந்தது. அவை அவரிடம் போகாதது நல்லது. வேறு சிலவும் அதில் இருந்தன. அவற்றை இனி அவரிடம் வாயால்தான் சொல்ல வேண்டும்.

படுக்குமுன் பழக்கப்படி போனை எடுத்தேன். இனி அந்த எண்ணுக்கு அனுப்பினால் போய்ச் சேரும். யாரிடம் போய்ச் சேரும் என்பதும் தெரியும். ஒரு வரிகூட எழுத வரவில்லை. ஒற்றை டிக் இருந்தவரை அவன் எங்கோ சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தான்.

செப்டம்பர் 3, புதன்

காலையில் அவர் காபிக்கு வந்து உட்கார்ந்தார். "ஏங்க" என்றேன். அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று. அவர் டம்ளரை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.